நாய் கவ்விய வளர்ப்புக் கோழியை வீட்டுக்குள் வைத்துத் தேற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று வயதுப் பெட்டைக் கோழி. பழுப்பு முட்டையிடும் இனம். கூட இன்னும் மூன்று பெட்டைகள், சேவல் கிடையாது. முட்டைக்காக வாங்கியவை என்றாலும் நான்குமே செல்லமாக வளர்ந்தவை. கையில் எடுத்தால் திமிறாது, மடியில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். சிகிச்சை நாட்களில் இந்தப் பழக்கம் பெரிதும் கைகொடுத்தது.

வளர்ப்பவர்கள் கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை. மாதம் ஒருமுறை நான்கு கோழிகளையும் எடை போட்டுக் குறித்துவைப்பார்கள். தாக்குதலுக்குப் பத்து நாள் முன்பு இந்தக் கோழியின் எடை 1,920 கிராம். இந்த ஓர் எண் கையில் இல்லாமல் இருந்திருந்தால், பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி வெறும் ஊகமாகப் போயிருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில், கூட்டுக் கதவை அடைப்பதற்குச் சற்று முன், வெளி நாய் ஒன்று வேலி இடுக்கு வழியாக உள்ளே வந்து கோழியை முதுகோடு கவ்வியது. ஆட்கள் ஓடி வந்ததும் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டது. கோழி புதருக்குள் புகுந்துகொண்டது. தேடி எடுக்க இருபது நிமிடம் ஆனது. வழியெங்கும் இறகு சிதறிக் கிடந்தது, ரத்தம் குறைவாகவே தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம்

எடுத்தபோது கொண்டை வெளுத்திருந்தது. கால்கள் சில்லென்றிருந்தன. அலகைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கியது, கண் பாதி மூடியிருந்தது. நான்குமே அதிர்ச்சியின் அறிகுறிகள். உடனே காயத்தைத் தேடிக் கழுவ வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இவர்கள் அதைத் தள்ளிப்போட்டார்கள், அது சரியான முடிவு. அதிர்ச்சியில் இருக்கும் பறவையை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டினால் காயத்தால் அல்ல, அந்தப் பிடியாலேயே செத்துப்போகலாம். பறவைகளுக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும்.

வலது தொடையில் மட்டும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சுத்தமான காஸ் துணியை வைத்து ஐந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்தினார்கள். எடுத்து எடுத்துப் பார்த்தால் அப்போதுதான் உறைந்த ரத்தம் பெயர்ந்து மறுபடி கசியும். கோழியின் மொத்த ரத்தம் உடல் எடையில் ஏறத்தாழ 7 சதவீதம், இந்தக் கோழிக்குச் சுமார் 130 மில்லி. நல்ல உடல்நிலையில் உள்ள பறவை எடையில் 1 சதவீத அளவு இழப்பைத் தாங்கும்; அது இங்கே நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. துணியில் ஊறியதையும் தரையில் விழுந்ததையும் சேர்த்துப் பார்த்து, இழப்பு அந்த அளவுக்குள்தான் என்று கணித்தார்கள்.

பிறகு அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, ஒரு பக்கம் மட்டும் வெந்நீர்ப் புட்டியைத் துணி சுற்றி வைத்து, மூடி இருட்டாக்கினார்கள். பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். வெப்பம் ஒரு பக்கம் மட்டும் இருப்பது முக்கியம்: சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். நகர முடியாத பறவையானால் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு மூச்சிரைத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

நாற்பது நிமிடத்தில் தலையைத் தூக்கியது. வெதுவெதுப்பான ஓஆர்எஸ் கரைசலை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தார்கள், தானாக விழுங்கியது. அலகைப் பிளந்து உள்ளே பீய்ச்சவில்லை. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அங்கே போகும் நீர் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

காயங்களைத் தேடியது

இரவு எட்டு மணிக்கு, கோழியைத் துண்டில் தளர்வாகச் சுற்றி, மார்பு கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்துப் பார்த்தார்கள். காயத்தைச் சுற்றியிருந்த இறகுகளை உப்புநீரில் நனைத்து, முனை மழுங்கிய கத்தரியால் தோலை ஒட்டிக் கத்தரித்தார்கள். பிடுங்கவில்லை. கோழித் தோல் மெல்லியது. கிழிந்த இடத்துக்கு அருகே இறகைப் பிடுங்கினால் கிழிசல் இன்னும் நீளும். கத்தரிப்பதிலும் ஒரு நஷ்டம் உண்டு. பிடுங்கிய இறகு உடனே முளைக்கத் தொடங்கும், கத்தரித்தது அடுத்த இறகுதிர்ப்புவரை குட்டையாகவே நிற்கும். ஆறாத புண்ணுக்கு முன் அது பெரிய விஷயமில்லை.

வாலின் மேல் எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்று முன்னால் 6 செ.மீ. நீளத்துக்குத் தோல் கிழிந்து, மடல்போலத் தொங்கியது. வலது தொடையில் இரண்டு சிறு துளைகள். நாய்க்கடியில் இந்தச் சிறு துளைகளைத்தான் அதிகம் நம்பக்கூடாது. பல் நுழைந்த வாய் சிறிதாக இருக்கும். நாய் உதறும்போது உள்ளே தோலும் தசையும் பிரிந்து பை போலாகிவிடும்.

இரண்டு விஷயங்களைத் தனியாகப் பார்த்தார்கள். காயத்துக்குள் மூச்சோடு சேர்ந்து குமிழி வருகிறதா, சுற்றியுள்ள தோலை அழுத்தினால் விரலடியில் நொறுநொறுவென்கிறதா. இரண்டில் எது இருந்தாலும் நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே தண்ணீர் ஊற்றவே கூடாது. இறக்கையின் மேல் எலும்பும் காற்றுப்பையோடு இணைந்த உள்ளீடற்ற எலும்புதான், அது முறிந்து வெளியே தெரிந்தால் அதற்கும் இதே கட்டுப்பாடு. இங்கே இரண்டும் இல்லை.

கழுவியது வீட்டிலேயே கலந்த உப்புநீரால்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் அயோடின் சேர்க்காத உப்பு 9 கிராம், தராசில் நிறுத்துப் போட்டது. உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, 20 மில்லி சிரிஞ்சால் முதுகுக் காயத்தில் சுமார் 300 மில்லி பீய்ச்சினார்கள். உள்ளே போகும் நீர் தேங்காமல் வெளியே வழிய, கோழியின் உடலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார்கள். 10 சதவீதப் பொவிடோன் அயோடினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, காயத்தின் விளிம்பைச் சுற்றி மட்டும் தடவினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கையிலேயே இருந்தும் தொடவில்லை. அது கிருமியோடு, புதிதாக முளைக்கும் சதையையும் அரித்துவிடும்.

இடது பக்கத்தில் ரத்தமும் இல்லை, இறகும் கலையவில்லை. அதனால் அந்தப் பக்கம் மேலோட்டமாகத் தடவிப் பார்த்ததோடு நின்றது. இந்த நிகழ்வில் பிற்பாடு வந்த சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கால்நடை மருத்துவரின் முடிவுகள்

மறுநாள் காலை பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மடலின் நைந்த ஓரத்தை மட்டும் நறுக்கினார், தையல் போடவில்லை. நாயின் வாயிலிருந்த கிருமிகள் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும் நிலையில் மேலே தைத்து மூடினால் சீழ் உள்ளேயே சிறைப்படும். திறந்த புண் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வருவதே இங்கே பத்திரமான வழி. பார்க்கக் கோரமாக இருக்கும், ஆறவும் நாள் பிடிக்கும். ஆனால் கோழிகளின் தோல் இந்த முறையில் வியக்கத்தக்கபடி நன்றாக ஆறும்.

கிருமிக்கு அமாக்சிசிலின்–கிளாவுலானிக் அமிலம் வாய்வழியாகத் தினம் இருவேளை, வலிக்கு மெலாக்சிகாம். அளவை அன்றைய எடைக்கு ஏற்ப அவரே கணக்கிட்டுக் கொடுத்தார். பறவை மருந்தை வேகமாக வெளியேற்றிவிடுவதால் நாய் பூனைக்கான கணக்கு இதற்கு ஒத்துவராது. வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உத்தேசமாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. மருந்துக் காலத்திலும், அதற்குப் பிறகு அவர் குறித்துக் கொடுத்த நாட்கள்வரையிலும் முட்டையை யாரும் உண்ணக்கூடாது என்றார். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு வேண்டாம் என்றும் சொன்னார். அது இறகில் பரவி ஒட்டிக்கொண்டால் உடல் சூடு காக்கும் திறனே போய்விடும். புண்ணுக்கு நீர் சார்ந்த ஹைட்ரோஜெல் மட்டும் மெல்லிய படலமாகத் தடவச் சொன்னார். முதுகில் கட்டுப்போடவில்லை, நெஞ்சைச் சுற்றிக் கட்டாமல் அங்கே கட்டு நிற்காது.

எந்த நிலையில் நிறுத்திவிடுவது என்பதையும் அன்றே பேசி முடிவு செய்தார்கள். மூன்று நாள் கழிந்தும் எழுந்து நிற்கவில்லை என்றாலோ, மூச்சுத் திணறல் வந்தாலோ, எடை கால்பங்கு குறைந்தாலோ வலியின்றி முடித்துவைப்பது. பாசம் மிகுந்திருக்கும் வீட்டில் இதை முதல் நாளே பேசிவைப்பது கோழிக்குச் செய்யும் நியாயம். பிறகு பேசினால், நாளைக்குத் தேறிவிடும் என்ற ஆசையில் வலி நீண்டுகொண்டே போகும்.

வீட்டுக்குள் இடம் அமைத்தது

சமையலறை வேண்டாம் என்பது முதல் தீர்மானம். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அளவுமீறிச் சூடானால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். மனிதருக்கு அதே புகை வாசனையாகக்கூடத் தெரியாமல் போகலாம். சில வெப்ப விளக்குகளின் குமிழிலும் இதே பூச்சு உண்டு என்பதால் விளக்குக்குப் பதில் வெந்நீர்ப் புட்டியையே தொடர்ந்தார்கள். கோழியைச் சமையலறையில் வைக்காதது குழந்தைக்கும் நல்லதாயிற்று. கோழிகள் நலமாகத் தெரியும்போதே எச்சத்தில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கடுமையாகத் தாக்கும். கோழி இருந்த அறைக்குள் குழந்தைக்கு அனுமதி இல்லை. கிண்ணங்களைக் கழுவுவது சமையலறைத் தொட்டியில் இல்லை, துண்டுகளைத் துவைத்ததும் தனியாக.

பொருள்கள் வைக்கும் சிறு அறையில் 90 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரமுள்ள நாய்க் கூண்டு வைக்கப்பட்டது. அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன்மேல் துண்டு, காலை மாலை மாற்றியது. மரத்தூளும் உமியும் திறந்த புண்ணில் ஒட்டும். வெறும் செய்தித்தாளில் கால் வழுக்கி, அடிபட்ட தொடை இன்னும் இழுபடும். வெள்ளைத் துண்டாகத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை: எச்சத்தின் நிறமும் ரத்தக் கசிவும் அதில் உடனே தெரிந்தன.

ஜன்னலுக்கு வலை, கூண்டுக்கும் மேலே மெல்லிய வலைத்துணி. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வெளிவந்துவிடும், அதுவும் புண் ஈரமாக இருக்கும் முதல் வாரத்தில்தான் அதிகம். தினம் இருவேளை டார்ச் அடித்து, புண்ணின் ஓரத்திலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் அரிசி நுனிபோல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒருமுறையும் இல்லை.

வெளிச்சம் காலை ஏழு முதல் மாலை ஐந்துவரை, பத்து மணி நேரம் மட்டும். பகல் நீளம் குறைந்தால் முட்டையிடுவது நிற்கும். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. புண் ஆற வேண்டிய உடலிலிருந்து புரதமும் போகிறது. இரண்டாம் நாள் காலையில் ஓடில்லாத முட்டை ஒன்று விழுந்திருந்தது. தாக்குதலின்போதே உள்ளே உருவாகிக்கொண்டிருந்த முட்டை அது, எதிர்பார்த்ததுதான். வெளியே வராமல் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். அதன்பிறகு முட்டை வரவில்லை.

இரண்டாம், மூன்றாம் நாள்: பச்சை நிறம்

மூன்றாம் நாள் காலை முதுகுக் காயத்தைச் சுற்றியும் தொடையிலும் தோல் அழுத்தமான பச்சையாகியிருந்தது. அழுகல் தொடங்கிவிட்டது என்று வீட்டில் கலங்கிப்போனார்கள். அது அழுகல் இல்லை. நம் உடலில் கன்றிய இடம் நீலமாகி, பிறகு மஞ்சளாகும். பறவைகளிடம் பச்சை நிறமியான பிலிவெர்டினை அடுத்த நிலைக்கு மாற்றும் நொதி இல்லை. அதனால் கன்றிய ரத்தம் ஓரிரு நாளில் பச்சையாகி, அப்படியே சில நாள் நின்று மங்கிப்போகும்.

கன்றலையும் அழுகலையும் கையாலும் மூக்காலும் பிரித்தறியலாம். கன்றிய தோல் மெத்தென்று, உடல் சூட்டோடு, வாடை இல்லாமல் இருக்கும். செத்த தோல் கறுத்து, விறைத்து, தொட்டால் சில்லென்றிருக்கும். ஓரத்தில் வாடை வரும். இந்தக் கோழியின் பச்சை முதல் வகை. பத்தாம் நாளுக்குள் முழுவதும் மங்கிவிட்டது.

நான்காம் நாள்: எடை காட்டிக்கொடுத்தது

தினமும் காலையில், தீவனம் வைக்கும் முன், மூடிய பெட்டியில் வைத்து எடை போட்டார்கள். மாலையில், கழுத்தடியில் தீவனம் தங்கும் தீனிப்பை நிறைந்திருக்கும்போது போட்டால் எண் நம்மை ஏமாற்றும். முதல் நாள் 1,865. அடுத்து 1,840, 1,805. நான்காம் நாள் 1,735. ஒரே நாளில் 70 கிராம் இறங்கி, வழக்கமான எடையில் பத்து சதவீதத்துக்கு நெருங்கிவிட்டது.

கோழியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுந்து நின்றது. ஆள் வந்தால் குரல் கொடுத்தது. தீவனக் கிண்ணத்தைக் கொத்தவும் செய்தது. கோழிக்கு நோவைக் காட்டிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. கூட்டத்தில் சோர்ந்து தெரிவதை மற்றவை கொத்தி ஒதுக்கும். கிண்ணத்தைக் கொத்துவது உண்பதாகாது. முந்தைய மாலை தீனிப்பையைத் தடவிப் பார்த்தபோது தளர்ந்து, கொஞ்சம் நீர் மட்டும் இருந்தது. நன்றாக உண்ட கோழிக்கு இருட்டும் நேரத்தில் அது உருண்டு திரண்டிருக்கும், விடியும்போது வெறுமையாகும். எச்சமும் கடும்பச்சையாக நீர்த்துப் போயிருந்தது: உணவு இல்லாமல் பித்தம் மட்டும் வெளியேறினால் இப்படித்தான் இருக்கும். எடை, தீனிப்பை, எச்சம் மூன்றும் ஒன்றையே சொன்னதால், தலையிலிருந்து வால்வரை மறுபடி சோதிக்க முடிவு செய்தார்கள்.

இடது இறக்கையைத் தூக்கியதும் லேசான வாடை வந்தது. இறகுகளுக்கு அடியில், விலாவின்மேல், நகக்கண் அளவே உள்ள துளை. மேல்தாடைப் பல் வலது தொடையில் இறங்கியபோது கீழ்த்தாடைப் பல் இறங்கிய இடம். கவ்விய கடிக்கு எப்போதும் இரண்டு பக்கம் உண்டு.

துளையின் வாயை அடைத்திருந்தது கெட்டியான வெளிர்மஞ்சள் கட்டி. பறவைகளின் சீழ் நீராக ஓடாது; வெந்த மஞ்சள்கருவைப்போல உதிரியாகக் கெட்டிப்படும். ஆகவே தானாக வடியட்டும் என்று விடுவதிலும் ஒத்தடம் கொடுப்பதிலும் பயனில்லை, கட்டியை எடுத்தாக வேண்டும். விலா எலும்புக்கு அடியிலேயே காற்றுப்பை இருப்பதால் வீட்டில் தோண்டாமல் அன்றே மருத்துவரிடம் போனார்கள். துளை உடற்குழிவரை போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வாயைச் சற்று விரித்து, கட்டியை முழுதாக எடுத்துக் கழுவினார். ஆன்டிபயாட்டிக் நாட்களை நீட்டினார். துளை மேலே மூடிக்கொண்டு உள்ளே மறுபடி தேங்காமல் இருக்க, தினமும் ஈரக் காஸால் வாயின் பொருக்கை நெகிழ்த்தி எடுக்கச் சொன்னார்.

உணவு கொடுத்த முறை

அடுத்த மூன்று நாட்கள் குழாய் வழியே உணவு. இதை எழுத்தில் படித்துச் செய்யக்கூடாது, மருத்துவர் செய்து காட்டிய பிறகே செய்ய வேண்டும். அலகு நுனியிலிருந்து தீனிப்பைவரை நீளத்தை அளந்து, மென்மையான குழாயில் குறியிட்டுக்கொண்டு, கோழியின் வலது பக்கத் தொண்டை ஓரமாக மெல்ல இறக்கினார்கள். உணவுக்குழாய் கழுத்தின் வலது பக்கமாகத்தான் செல்கிறது. கழுத்தை வெளியிலிருந்து தடவிப் பார்த்து, மூச்சுக்குழாய் தனியாகவும் உணவுக்குழாய் தனியாகவும் விரலுக்குப் பட்ட பிறகே சிரிஞ்சை அழுத்தினார்கள்.

பொடித்த முட்டைக்கோழித் தீவனம் ஒரு பங்கு, வெதுவெதுப்பான நீர் இரண்டரைப் பங்கு. ஊறவைத்து, குழாய் அடைக்காதபடி வடிகட்டியது. சூடு 38 முதல் 40 டிகிரி. இதற்குமேல் போனால் தீனிப்பை வெந்து புண்ணாகும். ஆறிப்போனதைக் கொடுத்தால் தீனிப்பை அசையாமல் நின்று, உள்ளிருப்பது புளித்துவிடும். முதல் வேளை 30 மில்லி. அது இறங்கியதைத் தடவி உறுதிசெய்துகொண்டு அடுத்தடுத்த வேளைகளில் 50 மில்லி, நாளுக்கு மூன்று முறை. முந்தையது பெரும்பாலும் இறங்காமல் அடுத்ததைக் கொடுக்கவில்லை.

கிண்ணத்தையும் எடுத்துவிடவில்லை. ஊறவைத்த தீவனமும் மசித்த அவித்த முட்டையும் எப்போதும் முன்னால் இருந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் ஆறாம் நாள் வந்தது. கூட்டத்தில் சாந்தமான பெட்டையைப் பகலில் கொண்டுவந்து, பக்கத்துக் கூண்டில் கம்பிக்கு அப்பால் வைத்தார்கள். அது உண்ணத் தொடங்கிய சில நிமிடங்களில் இதுவும் கிண்ணத்துக்கு வந்தது. கோழி கூடி உண்ணும் பறவை. பக்கத்தில் இன்னொன்று கொத்தும் சத்தமே அதற்குப் பசியைத் தூண்டும். ஏழாம் நாள் எடை 1,760. குழாய் நிறுத்தப்பட்டது.

புண் ஆறிய விதம்

எட்டாம் நாள் முதுகுப் புண்ணின் அடித்தளம் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மணல் தெளித்ததுபோல் பொடிப்பொடியாகத் தெரிந்தது. புதுச்சதை அது. தொட்டால் எளிதில் ரத்தம் கசியும், அது நல்ல அறிகுறி. அதன்பிறகு கழுவுவதை நாளுக்கு ஒருமுறையாகக் குறைத்தார்கள். தொடர்ந்து கழுவிக்கொண்டே இருந்தால் இந்தச் சதை ஒவ்வொரு நாளும் பெயரும்.

மடலின் நுனி கறுத்து விறைத்துப்போனது. இழுக்கவில்லை. பதினான்காம் நாள் தானாக உதிர்ந்தது, அடியில் மூடிய தோல் இருந்தது. மூன்றாம் வார முடிவில் 6 செ.மீ. கிழிசல் 2 செ.மீ. புண்ணாகச் சுருங்கியிருந்தது. விலாத் துளை அதற்கு முன்பே மூடியது.

ஏழாம் நாளிலிருந்து தினம் இருமுறை, பத்து நிமிடம், தரைவிரிப்பில் நடக்கவிட்டார்கள். கூண்டில் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் தடித்த கட்டை ஒன்று வைத்தார்கள். ஒரே தரையில் நாட்கணக்கில் நிற்கும் கோழிக்குப் பாதத்தில் அழுத்தப் புண் வரும், அதை ஆற்றுவது நாய்க்கடியைவிடச் சிரமமாகிவிடக்கூடும். மண்குளியலுக்கு மட்டும் தோல் முழுதாக மூடும்வரை இடம் கொடுக்கவில்லை.

கூட்டத்தில் திரும்பச் சேர்த்தது

இருபத்துநான்காம் நாள் கோழியை நேரடியாகக் கூட்டத்துக்குள் விட்டார்கள். புண் பெரும்பாலும் மூடிவிட்டது, எடை 1,850, நடையில் நொண்டல் இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பத் தூக்க வேண்டியதாயிற்று. மூத்த பெட்டை தலையில் கொத்தியது. மற்றொன்று முதுகில் முளைத்திருந்த இளம் இறகுக் குருத்தைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. விரியாத குருத்தில் ரத்தம் ஓடும். சிவப்பைக் கண்டால் கோழிகள் விடாமல் கொத்தும். மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்ததில், எது எதைக் கொத்தலாம் என்ற கொத்து வரிசையில் இதன் இடமும் போய்விட்டிருந்தது, மற்றவற்றுக்கு இது புதுக்கோழி. தினமும் பக்கத்துக் கூண்டில் இருந்த சாந்தமான பெட்டை மட்டும் கொத்தவே இல்லை.

இரண்டாவது முயற்சி படிப்படியாக நடந்தது. முதலில் அறையின் வெந்நீர்ப் புட்டியை எடுத்து, சில நாட்கள் ஜன்னலைத் திறந்துவைத்து, வெளிக்குளிருக்குப் பழக்கினார்கள். பிறகு கூட்டுக்குள்ளேயே கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் எட்டு நாள்: பார்க்கலாம், தொட முடியாது. தடுப்பின் இருபுறமும் வலையை ஒட்டியே தீவனம் வைத்தார்கள், எதிரெதிரே நின்று உண்ணப் பழகட்டும் என்று. குருத்துகள் விரிந்து முதுகு மூடிய பிறகு, சாந்தமான பெட்டையோடு மட்டும் இரண்டு நாள். அடுத்து இன்னொன்று. மூத்த பெட்டையைக் கடைசியாக. தீவனமும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. நடுவில் ஒளிய ஒரு சாய்ந்த பலகை. இரண்டொரு முறை துரத்தியதோடு அடங்கியது, ரத்தம் வரவில்லை.

விளைவு

ஏழாம் வாரம் கோழி இரவு பகல் கூட்டத்தோடு இருந்தது. எடை 1,895. எண்ணெய்ச் சுரப்பிக்கு அருகில் தோல் இறுகிய தழும்பும் இறகில்லாத சிறு திட்டும் நிலைத்துவிட்டன. சுரப்பி வேலை செய்கிறது. இறகு கோதும்போது அலகை அங்கே கொண்டுபோவதைப் பார்க்க முடிகிறது. பகல் நீண்டதும் ஒன்பதாம் வாரம் முட்டையிடத் தொடங்கியது. முட்டையை உண்ணக்கூடாது என்று மருத்துவர் சொன்ன கெடு அதற்குள் முடிந்திருந்தது.

மாற்ற வேண்டியவை

முதல் இரவிலேயே இரு பக்கமும் ஒரே அக்கறையோடு தேட வேண்டும். ரத்தம் தெரியும் இடத்துக்கு எதிர்ப்புறத்தை, இறக்கையைத் தூக்கி, இறகை ஊதிப் பிரித்து, தோல் தெரியும்வரை பார்ப்பது. அன்று பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் சீழ்க்கட்டியும் குழாய் உணவும் தேவைப்பட்டிருக்காது என்றே தோன்றுகிறது.

எடையோடு தீனிப்பையையும் முதல் நாளிலிருந்தே மாலையும் காலையும் குறிக்க வேண்டும். இங்கே மூன்றாம் நாள் மாலைதான் தீனிப்பையைத் தடவினார்கள். எடை மறுநாள் காலை சொல்வதைத் தீனிப்பை முந்தைய மாலையே சொல்லிவிடும். குறிப்பேட்டில் நான்கு கட்டம் போதும்: காலை எடை, காலைத் தீனிப்பை, மாலைத் தீனிப்பை, எச்சம்.

துணைக்கோழியை ஆறாம் நாள்வரை தள்ளிவைக்கத் தேவையில்லை. மூச்சு சீரானதும், இரண்டாம் நாளே கம்பிக்கு அப்பால் வைக்கலாம். பசிக்கும் உதவும், கொத்து வரிசையில் ஒரு நட்பையாவது காப்பாற்றிவைக்கும். ஆனால் அடிபட்ட காரணம் தெளிவாகத் தெரியும்போது மட்டுமே இது பொருந்தும். சோர்வு, தும்மல், முகவீக்கம் என்று நோய் சந்தேகம் இருந்தால் துணைக்கோழியும் கூடாது, வீட்டுக்குள் கொண்டுவருவதும் கூடாது.

கூட்டத்துக்குத் திருப்பும் நாளைப் புண்ணைப் பார்த்து முடிவுசெய்தார்கள். இறகைப் பார்த்து முடிவுசெய்திருக்க வேண்டும். குருத்து விரிந்து, சிவப்பு வெளியே தெரியாத நாள்தான் அதற்குரிய நாள்.

வேலியின் இடுக்கு அடைக்கப்பட்டு, அடிப்பகுதியில் கம்பிவலை மண்ணுக்குள் வெளிப்புறமாக மடித்துப் புதைக்கப்பட்டது. கூட்டுக் கதவு இப்போது இருட்டியபின் அல்ல, பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே அடைக்கப்படுகிறது. கோழிகள் அந்நேரத்தில் கூட்டுக்கு வர, அன்றைய கடைசித் தீவனத்தைக் கூட்டுக்குள் வைக்கிறார்கள்.